அண்டைக்கல் ஆராய்ச்சி: சிங்கம்புணரி டிரெய்லர்களை முன்வைத்து

சங்க இலக்கியத்தில் மீன், சங்க இலக்கியத்தில் வண்டு, சங்க இலக்கியத்தில் வளையல் என்று எதை எதையோ ஆராய்ந்து பட்டம் வாங்கியாயிற்று. சக்கரத்துக்கு அடியில் கிடக்கும் கல்லை மட்டும் யாரும் சீண்டவில்லை. சீண்டினால் வண்டி உருண்டுவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். களம், சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி. பொருள், டிராக்டரிலிருந்து கழற்றிவிடப்பட்ட டிரெய்லர். ஓடும் டிரெய்லர் நம் எல்லைக்குள் வராது. அதைக் கவனிக்கப் போக்குவரத்துக் காவலர்கள் இருக்கிறார்கள்.

களத் தேர்வுக்குக் காரணம் உண்டு. சிங்கம்புணரி கயிற்று ஊர். சுற்றுவட்டாரத் தோப்புகளிலிருந்து தேங்காயும் மட்டையும் வந்து இறங்குகின்றன. மட்டை நாராகி, நார் கயிறாகி வெளியூர் போகிறது. ஒரு டிராக்டருக்கு இரண்டு பெட்டி வைத்திருப்பவர், ஒன்றைச் சுமை இறக்கப் போட்டுவிட்டு மற்றதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆகவே தெருவோரம் ஏதாவதொரு டிரெய்லர் தலையில்லாமல் நிற்கும். அதன் பின்சக்கரத்தில் ஒரு கல் இருக்கும். ஓட்டுநர்கள் அதை அண்டைக்கல் என்பார்கள், கட்டையாக இருந்தால் கட்டை என்பார்கள், எதுவும் கிடைக்காதபோது சொல்வதை இங்கே அச்சிட முடியாது.

முதலில் வரலாறு. இவ்வட்டாரத்தில் ஏட்டில் ஏறிய முதல் வாகன நிறுத்தம் பறம்பு மலையில் நடந்தது. பறம்பு என்பது சிங்கம்புணரிக்குப் பக்கத்திலிருக்கும் பிரான்மலையே என்பது அறிஞர் பலர் கொள்கை. படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்கு வேள் பாரி தன் தேரையே கொடுத்துவிட்டுப் போனான். புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் அந்தக் கொடையைப் பாராட்டுகின்றன. சக்கரத்துக்குக் கல் கொடுத்தானா என்று இரண்டுமே சொல்லவில்லை. இடமோ மலைச்சரிவு, தேரோ குதிரை அவிழ்த்த தேர். கல் இல்லாதிருந்தால் முல்லை அன்று மாலையே அடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். வந்ததாகச் செய்தி இல்லை. ஆகவே கல் இருந்தது. கபிலர் பாரியின் கூடவே இருந்தவர், குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர், ஒரே ஒரு கல்லைச் சொல்லாமல் விட்டார். புலவர்களுக்கு வண்டி நிறுத்திப் பழக்கமில்லை என்பதற்கு மேல் இதற்கு விளக்கம் வேண்டாம்.

பாரிக்குப் பின் நெடுங்காலம் இத்துறையில் வளர்ச்சியில்லை. காரணம் மாட்டு வண்டி. மாட்டை அவிழ்த்ததும் வண்டி நுகத்தடியைத் தரையில் ஊன்றிக் குப்புறப் படுத்துக்கொள்ளும். இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரமும் மண்ணில் பதிந்து நிற்கும். தானே நிற்கிற வண்டிக்கு யார் கல் தேடுவார்கள்? வினை காற்றடைத்த டயரோடு வந்தது. நல்ல தார் ரோட்டில் அப்படிப்பட்ட டயர் உருள, பாரத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு விசை போதும். நூறு அடிக்கு இரண்டடி இறக்கம் இருந்தால் ஐந்து டன் தேங்காய் தானாகப் புறப்பட்டுவிடும். அந்த இறக்கம் மனிதக் கண்ணுக்குப் படாது. “ரோடு மட்டமாத்தானண்ணே இருக்கு” என்று ஓட்டுநர் சொல்வதில் பொய்யில்லை. டயர் அவரைவிடக் கூர்மையாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்குப் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்திய ரோடுகள். சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன் விழுந்த அடுக்குகளை யார் எடுப்பது? ஓரங்கட்டி நிறுத்தினால் வண்டி யார் வீட்டு வாசலையாவது பார்த்துச் சாய்கிறது. இந்தப் பெட்டிகள் பலவற்றில் பிரேக் என்ற உறுப்பே கிடையாது. நிறுத்துவது டிராக்டரின் வேலை. டிராக்டர் போன பிறகு கல்லின் வேலை.

இனிக் கணக்கு. சக்கரத்தின் ஆரம் 40 சென்டிமீட்டர், கல்லின் உயரம் 2 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதை ஏறிக் கடக்க, அந்தச் சக்கரத்தின் மேலிருக்கும் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு விசை வேண்டும். கல் 10 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு. ஐந்து டன் பெட்டியை நூற்றுக்கு ஐந்து இறக்கம் தள்ளுவது 250 கிலோ அளவுக்குத்தான். நாலு சக்கரத்தில் ஒன்றின் மேல் ஒன்றேகால் டன் உட்கார்ந்திருந்தால், இரண்டு சென்டிமீட்டர் சில்லே 400 கிலோவுக்கு ஈடுகொடுக்கும். கோயில் வாசலில் பொறுக்கிய சில்லு போதும் என்கிறது கணிதம். ஆனால் கல் நகராது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. கல்லை யாரும் கேட்கவில்லை. உண்மையில் கல்லை ஏறிக் கடந்து ஓடிய வண்டி அரிது. கல்லைத் தள்ளிக்கொண்டு ஓடியதே அதிகம். ஆகவே அண்டைக்கல்லுக்கு உயரத்தைவிட அடிப்பாகம் முக்கியம்.

தரவரிசையும் இங்கிருந்தே பிறக்கிறது. செங்கல் பாரம் தாங்காமல் பொடியாகும். ஹாலோபிளாக் பார்க்கப் பெரிது, உள்ளே காற்று. தேங்காய் மட்டை கைக்கெட்டும் தூரத்தில் குவிந்து கிடப்பதால் அவசரத்துக்கு அதையே சொருகுகிறார்கள். அது நசுங்கி, விரல் தடிமனுக்கு இளைத்து, டயருக்கு மரியாதையாக வழிவிட்டுவிடும். எல்லாவற்றிலும் கேடு குழவிக்கல். அண்டை கொடுத்தால் டயருக்கு முன்னால் தானும் உருண்டு ஓடும். உத்தமம் என்றால் உடைந்த அம்மிதான்: அடி தட்டை, மேலே கொத்திய சொரசொரப்பு, நல்ல கனம். 2011ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியதும் வேலையிழந்த அம்மிகளில் ஒரு பகுதி போக்குவரத்துத் துறைக்கு மாற்றலாகி வந்தது என்பது எம் கருதுகோள். ஒரே வீட்டு அம்மியும் குழவியும் இத்துறையில் இப்படி நேர் எதிரான தகுதி பெறுவதைக் குடும்பவியல் அறிஞர்கள் தனியே ஆராயலாம்.

கல் போடும் முறையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே கழுத்தைத் திருப்பி, “டேய், அண்டை குடுறா” என்பார். “குடுத்துட்டேண்ணே” என்ற பதில், கூட வந்த பையன் இன்னும் கல் தேடிக்கொண்டிருக்கும்போதே வரும். கல் கிடைத்ததும் கையால் வைப்பான். வைத்த பிறகு குதிகாலால் ஓர் உதை. இந்த உதை இல்லாமல் முடிந்த அண்டையை நாம் கண்டதில்லை. பிறகு கொக்கி முளையைப் பிடுங்குவார்கள். டிராக்டர் அரையடி முன்னே போகும். பெட்டி ஒரு விரற்கடை பின்வாங்கி, டயரின் ரப்பர் கல்லின் முனையில் பதிந்து நறுக்கென்று ஒரு சத்தம் வரும். அதுவரை யாரும் பேசுவதில்லை. சத்தம் கேட்டதும் டீக்கடையைப் பார்த்து நடக்கிறார்கள்.

இக்கலையின் மேல்படிப்பு ஊர் நடுவிலேயே இருக்கிறது. சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் வைகாசித் தேரோட்டத்தில் ஊர்க் கண் முழுக்கத் தேரின் உச்சியிலும், தேர் நிலைக்கு வந்ததும் நேர்த்திக்கடனாகத் தேரடியில் சிதறும் தேங்காய்களிலும் இருக்கும். ஆய்வாளன் பார்க்க வேண்டியது கீழே, சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி நகரும் முட்டுக்கட்டைக்காரரை. அவர் கையிலிருப்பது சரிவாகச் செதுக்கிய கனத்த மரக்கட்டை. இரண்டு பக்கமும் கொடுத்தால் தேர் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் திரும்பும். ஸ்டீயரிங், பிரேக் இரண்டும் அந்த ஒரு கட்டைதான். எப்போது போடுவது என்பதைவிட எப்போது உருவுவது என்பதில்தான் அவர் கெட்டிக்காரத்தனம் தெரியும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன்; திருச்சி பெல் நிறுவனம் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்தும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு ஓய்வில்லை.

கட்டையே இல்லாமல் தேரை நிறுத்தலாம் என்பதற்கும் இதே மாவட்டத்தில் சான்று உண்டு. தேவகோட்டைக்கு அருகே கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர், வடத்தை யார் தொடலாம் என்ற சாதித் தகராறில் பல்லாண்டுக் காலம் அசையாமல் நின்றது. உயர் நீதிமன்றம் வரை போய், 2024 ஜூனில்தான் பலத்த போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. அந்த அண்டையின் எடையை அளக்க இவ்வாய்வாளரிடம் தராசு இல்லை.

அண்டை போதாமல் போனால் என்னாகும் என்பதற்கு வடக்கே போகலாம். 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கட்டுவா நிலையத்தில் நிறுத்தியிருந்த சரக்கு ரயில், ஓட்டுநர் இல்லாமல் தானாகக் கிளம்பி, பஞ்சாபுக்குள் புகுந்து 70 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. 53 பெட்டியிலும் என்ன சரக்கு? ஜல்லிக்கல். அத்தனை கல்லும் சக்கரத்துக்கு மேலே இருந்தது.

சட்டமும் அண்டைக்கல்லை அறியும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, ஓட்டுநர் இல்லாமல் வண்டி நிற்க வேண்டுமானால் பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தற்செயலாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்கிறது. அந்த ‘வேறு ஏற்பாடு’தான் நம் கல். நாடாளுமன்றம் அதன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறது. ஆனால் வண்டி போன பிறகு கல் என்ன ஆக வேண்டும் என்று அந்தப் பிரிவில் பேச்சில்லை.

சிக்கலின் வேர் அங்கேதான். மறுபடி டிராக்டர் வரும், கொக்கி மாட்டும், முன்னே இழுக்கும். கல் நடுரோட்டில் கிடக்கும். போடும்போது குதிகாலால் உதைத்துப் பார்த்த பையன், எடுக்கும்போது திரும்பியும் பார்ப்பதில்லை. இருட்டில் மொபெட்டில் வருகிறவர் அதைக் கண்டுபிடிக்கிறார், பெரும்பாலும் முன்சக்கரத்தால். தேரில் கட்டையைப் போட்டவரே உருவுவார். டிரெய்லரில் போட ஆள் உண்டு, எடுக்க ஆள் இல்லை. அடுத்த முறை நிறுத்தும்போது அதே பையன் மறுபடி கல் தேடி அலைகிறான். தேடித் தேடிக் கடைசியில் யாரோ கோலம் போட்டு வைத்திருக்கும் வாசற்படிக் கல்லில் கை வைக்க, அங்கே ஓர் ஆத்தா வெளியே வந்து பேசத் தொடங்குவார். அந்தப் பேச்சைப் பதிவு செய்ய ஆய்வாளருக்குத் துணிவு வரவில்லை.

தீர்வு சொல்லாமல் ஆய்வேட்டை முடித்தால் வழிகாட்டி கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே சொல்கிறோம்: கல்லை விட்டுவிட்டு, தேர்க்கட்டை மாதிரி சரிவாக ஒரு மரக்கட்டை செதுக்கிக்கொள்ளலாம். அடி தட்டையாகவும், டயரைத் தொடும் முகம் சாய்வாகவும் இருக்கட்டும். சக்கரத்துக்கு ஒரு கட்டை, இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். கட்டையில் ஒரு துளை போட்டு, இரண்டு முழம் தென்னங்கயிற்றால் பெட்டியின் அடிச்சட்டத்தோடு கட்டிவிட வேண்டும். கையைச் சக்கரத்தடியில் விடாமல் கயிற்றைப் பிடித்தே உருவலாம். கட்டை வண்டியோடு போய்விடும். ஆத்தாவும் உள்ளேயே இருப்பார். வெளியூருக்கெல்லாம் கயிறு அனுப்பும் ஊரில், கயிறு கட்டிய அண்டை ஒன்றுகூட எம் கண்ணில் படவில்லை என்பதை மட்டும் களக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறோம்.

இந்த யோசனையை டீக்கடையில் சமர்ப்பித்தபோது வாய்மொழித் தேர்வாளர் ஒருவர் தடை எழுப்பினார்: “கட்டையை எடுக்க மறந்து இழுத்துக்கிட்டே போயிட்டா?” போகட்டுமே. சைட் ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பும் பைக்கை மூன்று தெருவுக்குக் கத்தி நிறுத்துகிற சனம் இது. ரோட்டில் கட்டை தடதடவென்று இழுபட்டால் சும்மா இருப்பார்களா? பஸ்ஸுக்கு நிற்கிறவர், பூக்கட்டுகிறவர், சலூனில் பாதிச் சவரத்தோடு இருப்பவர் வரை, “அண்ணே, கட்டை வருது, கட்டை!” என்று கூப்பாடு போடுவார்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்னால் வந்து, கட்டையைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, “அதுக்கு எதுக்குய்யா இந்தக் கத்துக் கத்துறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போவார்.