எம்-புக்கில் மட்டும் ஒட்டிய பூச்சு

சுவர்ப் பூச்சுக்கும் இந்த நாட்டில் நெறிமுறை உண்டு. ஐ.எஸ். 1661. திருத்திய பதிப்பு வந்த ஆண்டு 1972. செங்கல் இணைப்புகளைச் சுரண்டு, சுவரை நனை, சமமாகப் பூசு, பூசியபின் ஏழு நாளாவது ஈரம் காயவிடாதே என்கிறது. பூச்சு மணலுக்குத் தனியாக ஐ.எஸ். 1542. தூசும் களிமண்ணும் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஆகாது. படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். நம்மவர்களும் ஒற்றிக்கொள்கிறார்கள். அதோடு சரி.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வந்து அந்த ஏழு நாள் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். கொத்தனார் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் வானத்தைப் பார்ப்பார். குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைக்கிற சீமை இது. சுவருக்கு யார் தண்ணீர் காட்டுவது? டெல்லியில் உட்கார்ந்து விலைப் பகுப்பாய்வு போட்ட மத்தியப் பொதுப்பணித் துறை, தண்ணீருக்கென்று 1 சதவீதம் ஒதுக்குகிறது. சித்திரை மாதத்து டேங்கர்காரரிடம் அந்த ஒரு சதவீதத்தை நீட்டுங்கள். வண்டியைக்கூட நிறுத்த மாட்டார்.

ஆக, சுவருக்கு இரண்டு நாள், நாளுக்கு நாலு வாளி. வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கரிசல் மண் மழைக்கு உப்பி, கோடைக்கு வாய் பிளந்து, தன் பங்குக்குச் சுவரை இழுக்கிறது. வெடிப்பா? மேலே பட்டி. அதற்கு மேலே பெயின்ட். திறப்புவிழா வரை தாங்கினால் போதும். அதன்பிறகு குடியிருக்கப்போவது ஏழைதானே.

கலவையைக் கேட்காதீர்கள். ஏட்டில் ஒன்றுக்கு ஐந்து. சட்டியில் ஒன்றுக்கு எட்டு. எம்-சாண்ட் என்ற பெயரில் இறங்குவது கிரஷர் தூசி. அதிகாரி அளவு எழுதும் புத்தகமான எம்-புக்கில் மட்டும் 12 மி.மீ. கனம் கோணாமல் நிற்கிறது. நாட்டிலேயே வெடிப்பு விழாத சுவர் அந்த எம்-புக்தான்.

உடனே கொத்தனாரைத் திட்டுவார்கள். கரண்டி பிடித்தவன் கைக்கு எட்டுவான், கையெழுத்துப் போட்டவன் எட்டமாட்டான். டெண்டரை அடிமாட்டு விலைக்கு எடுத்தவர், அதை உள்குத்தகைக்கு விட்டவர், சதவீதம் வாங்கியவர் என்று பந்தி முடிந்தபிறகு கொத்தனாருக்கு மிஞ்சுவது சிமென்ட் சாக்கு. சிமென்ட் அல்ல, சாக்கு.

சந்தேகம் இருந்தால் 2021 ஆகஸ்டுக்குப் போங்கள். சென்னை புளியந்தோப்பு, கே.பி. பார்க். குடிசைமாற்று வாரியம் கட்டிய 1,920 வீடுகள், ஏறத்தாழ 250 கோடி ரூபாய். விரலால் தொட்டால் பூச்சு கொட்டியது. மாநிலமே டிவியில் பார்த்தது. வாரியத்துக்குப் பொறியாளர்கள் உண்டு, தர ஆய்வு உண்டு, முத்திரை உண்டு. அத்தனை பேர் கண்ணிலும் படாதது குடிவந்தவர்களின் ஆள்காட்டி விரலுக்குப் பட்டது. அப்புறம் ஐ.ஐ.டி. வந்தது, ஆய்வு செய்தது, பூச்சு தரமில்லை என்றது. பொறியாளர்கள் இருவர் சஸ்பெண்ட். அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இரண்டே பேர்தான் பொறுப்பாம்.

அது தலைநகரம். கேமரா இருந்தது. திருச்சுழி ஒன்றியத்துக் கடைக்கோடிக் காலனியில் உதிர்ந்தால் எந்த சேனல் வரும்? இங்கேயும் அரசிடம் கேமரா உண்டு. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கட்டம் கட்டமாகப் படம் பிடித்து, இடக்குறியோடு ஏற்றினால்தான் பணம். நல்ல ஏற்பாடு. ஆனால் படத்துக்குக் காது கிடையாது. சுவரைத் தட்டினால் பொள்ளென்று கேட்கும் இடத்தை வெட்டியெடுத்து மறுபடி பூச வேண்டும் என்பதுதான் முறை. தட்டுவதற்கு யாராவது காரை விட்டு இறங்க வேண்டும்.

எனவே ஒரு சிறு கோரிக்கை. அடுத்த திறப்புவிழாவுக்கு ரிப்பன் வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். ‘தரம் திருப்தி’ என்று கையெழுத்துப் போட்டவர் ஒரு தொட்டிலோடு வரட்டும். அந்தக் கூரைக்கு அடியில் தன் பேரக்குழந்தையை ஒரே ஒரு மழைக்காலம் தூங்கவைக்கட்டும்.

அப்புறம் நாங்கள் குடிவருகிறோம்.