கடைமடைக் குளியலறை: வெந்நீர்த் தாமதம் குறித்த ஓர் ஆய்வு

பவானிசாகரில் ஷட்டரைத் தூக்கிய மறுகணமே கரூர் மாவட்டத்துக் கடைமடை வயல் நனைந்துவிடும் என்று கோபிசெட்டிபாளையத்தில் எவரும் நம்புவதில்லை. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர். தண்ணீர் போய்ச் சேர நாளாகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஊரில், மொட்டை மாடி சோலாரிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கும் குளியலறையில் குழாயைத் திறந்ததும் வெந்நீர் வராவிட்டால், 'சோலார் போச்சு' என்று மெக்கானிக்குக்குப் போன் போகிறது. பாசனத்தில் இவ்வளவு தேர்ந்த சமூகம், குளியல் என்று வந்தால் மட்டும் தன் நீரியலை ஏன் மறந்துவிடுகிறது? இக்கட்டுரையின் துணிபு இதுதான்: குற்றம் சூட்டில் இல்லை, குழாயின் கொள்ளளவில் இருக்கிறது.

வாய்க்காலைக் குழாய்க்கு உவமை காட்டுவது செல்லாது, மதகை அடைத்தால் வாய்க்கால் வற்றும், குழாய் வற்றாதே என்று மறுப்போர் உண்டு. மறுப்பு சரியே, ஆனால் அது நம் பக்கத்துச் சாட்சி. குழாய் வற்றாததுதான் வினையே. நேற்றுக் காலை குளித்தவர் விட்டுச்சென்ற வெந்நீர் இரவெல்லாம் ஆறி, பச்சைத்தண்ணியாக உள்ளேயே குடியிருக்கிறது. அதை வெளியேற்றாமல் புதிய வெந்நீர் உள்ளே வர முடியாது. உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள குழாயில் 15 மீட்டருக்கு ஏறத்தாழ 4.7 லிட்டர் நிற்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வீதம் திறந்தால் அது தீர 47 விநாடி. உள்விட்டம் 15 மில்லிமீட்டர் என்றால் 2.65 லிட்டர்தான், 27 விநாடிக்குள் முடிந்துவிடும். போகிற வழியில் குழாயின் சுவரும் கொஞ்சம் சூட்டைக் குடிக்கும் என்பதால், உண்மையில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே காத்திருக்க வேண்டும்.

100 லிட்டர் சோலாரை 200 லிட்டராக மாற்றினால் தீராதா என்பது அடுத்த கேள்வி. தீராது. அணை பெரிதானால் கடைமடை கிட்டே வந்துவிடுவதில்லை. குழாய்க்கு உறை சுற்றலாமே? ஒருவர் குளித்த கையோடு அடுத்தவர் நுழைகிற வீட்டில் அது உதவும். விடிகாலையில் முதலில் நுழைபவருக்கு உதவாது. பெரிய ஓட்டல்களில் செய்வதுபோல பம்பு வைத்து வெந்நீரைச் சுற்றிக்கொண்டே இருக்க விடலாம். அங்கே காத்திருக்க வேண்டாம், ஆனால் குழாய் நெடுகிலும் நாள் முழுக்கச் சூடு வீணாகும். கன்னி மூலையில் தொட்டி, அக்னி மூலையில் சமையலறை என்று வாஸ்து பார்த்தாகிவிட்டது, இனி எதையும் நகர்த்த முடியாது என்பாரும் உண்டு. அரை அங்குலக் குழாயை எந்த வாஸ்துவும் தடுக்கவில்லை. இரண்டு குழாயை ஒரே நேரத்தில் திறந்தால் ஓட்டம் குறையும் என்பது மட்டுமே அதிலுள்ள குறை.

வீட்டுக்குப் பின்னால் குளிக்க இருந்த பழைய பொடக்காலியில் இந்தச் சிக்கலே எழவில்லை. தென்னை மட்டையும் பாளையும் எரிந்த வெந்நீர் அடுப்புக்கும் குளிக்கிற கல்லுக்கும் இடையே இரண்டு எட்டுத்தான். தலைமடையும் கடைமடையும் அங்கே ஒன்றே. படுக்கையறைக்குள் குளியலறை புகுந்த பிறகே சூடு ஓரிடம், ஆள் ஓரிடம் என்றாயிற்று. குளியலறைச் சுவரிலேயே 3 லிட்டர் கீசரை மாட்டுவது, மின்சாரத்தில் எரியும் அதே அடுப்பைத் திரும்பக் கொண்டுவருவதன்றி வேறல்ல.

இனி முக்கியமான மறுப்பு: அந்த 4.7 லிட்டர் வீண்தானே? ஷவரில் நிற்பவருக்கு வீண். பக்கெட்டில் குளிப்பவருக்கு இல்லை. சோலார் வெந்நீர் 60 டிகிரி, தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று கொள்வோம். 20 லிட்டர் பக்கெட்டை 40 டிகிரிக்கு விளாவ, 11 லிட்டருக்கு மேல் பச்சைத்தண்ணி எப்படியும் வேண்டும். வெந்நீர்க் குழாயில் முதலில் வருவது அந்தக் கணக்கில் சேர வேண்டியதுதான். ஆகவே பரிந்துரை இரண்டு. வீடு கட்டுமுன், டைல்ஸ் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிற நேரத்தில் பாதியைக் குழாயின் அளவுக்கு ஒதுக்குக. கட்டி முடித்தாகிவிட்டதென்றால், பக்கெட்டை வைத்து வெந்நீர்க் குழாயை முதலில் திறக்க. ஆறிய தண்ணீரைச் சலதாரையில் ஓடவிட்டு, வெந்நீர் வந்ததும் 'ஐயோ, கொதிக்குதே' என்று பக்கத்துக் குழாயில் பச்சைத்தண்ணி பிடிப்பவருக்கு எந்தச் சோலாராலும் உதவ முடியாது.