கலையரங்கத்தின் படம் வந்தால் கருத்துச் சொல்வது எப்படி?

கட்டடம் எழும்பட்டும், பிறகு பேசலாம் என்று இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு கச்சேரி கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்கிற பழங்காலத்து ஆட்கள். கோவைக்குப் புதுசாக ஒரு கலையரங்கம் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்து விழுந்த பத்தாவது நிமிஷம் என்ன செய்வது என்பதுதான் இங்கே பாடம். நமக்குப் பழக்கமில்லாத வேலை அல்ல. செம்மொழிப் பூங்காவின் படத்தைப் பார்த்தவர்கள், காந்திபுரத்துப் பெரியார் நூலகத்தின் படத்தைப் பார்த்தவர்கள், நாளைக்கு அரங்கத்தின் படத்தையும் பார்க்க வேண்டிவரும். தயாராக இருப்பது நல்லது.

முதலில் இடம். வீட்டில் சொல்லும் கருத்துக்கு மரியாதை கிடையாது, "பால் வாங்கியாந்தீங்களா?" என்பதோடு முடிந்துவிடும். பேக்கரிக்குப் போங்கள். ஒரு டீ, ஒரு தேங்காய் பன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கை நீளத்துக்குப் பிடித்து, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி உடனே சிறிதாக்குங்கள். பெரிதாக்கிய இடத்தில் எதையும் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவர் கேட்பார்: "ஏனுங்ணா, எப்படி இருக்குதுங்?" அழகாக இருக்கிறது என்றும் சொல்லக்கூடாது, நன்றாக இல்லை என்றும் சொல்லக்கூடாது. ஏதாவது ஒன்று மாதிரி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இந்த 'மாதிரி'யில்தான் தொழில் இருக்கிறது. வளைவாக இருந்தால் கிரைண்டர். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், அந்த உவமையும் நமக்கே சொந்தம். குவிந்திருந்தால் இட்லிக் குண்டா. ஒல்லியாக உயர்ந்திருந்தால் மில்லுப் புகைபோக்கி. சதுரமாக இருந்தால் 'கல்யாண மண்டபமாட்ட' என்று சொல்லிவிடலாம். கொங்கு நாட்டில் இது பாராட்டா வசையா என்பது சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

உவமை சொல்கிறோமே, பாவமாயிற்றே என்று தயங்க வேண்டாம். சிங்கப்பூர்க்காரர்கள் நமக்கு அண்ணன்மார். அங்கே எஸ்பிளனேட் கலையரங்கத்தின் வடிவம் முதலில் வெளியானபோது, இரண்டு கண்ணாடிக் கூடுகளைப் பார்த்து ஈயின் கண் என்றார்கள். கண்ணாடிக்குள் வெயில் இறங்கினால் உள்ளே இருப்பவர்கள் வெந்துவிடுவார்களே என்று மேலே ஏழாயிரத்துக்கு மேற்பட்ட முக்கோண அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார்கள். முள் முளைத்துவிட்டது. ஊர் உடனே டுரியான் என்று பெயர் வைத்தது. 2002 அக்டோபர் 12-ல் திறந்தார்கள்; கேலிப் பெயரே செல்லப் பெயராகி நிலைத்துவிட்டது. (டுரியானைப் பார்க்காதவர்கள் குன்னூர் ஏறும் வழியில் பர்லியாறில் பார்க்கலாம். வாங்கிக் காருக்குள் வைக்காதீர்கள். வாசம் ஊட்டிவரை கூடவே வரும்.)

அடுத்தது காசு. தொகையை அப்படியே சொன்னால் யாருக்கும் உறைக்காது. சாக்கடையாக மாற்றிச் சொல்லுங்கள். "இந்தக் காசுக்கு எத்தன கிலோமீட்டர் சாக்கடை கட்டலாமுங்? மொதல்ல சிறுவாணித் தண்ணி ஒழுங்கா வருட்டும்." இதற்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. உவமையிலிருந்து காசுக்குத் தாவ ஒரு பாலம் வேண்டுமானால் சிட்னியை இழுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓபரா மாளிகைக்கு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று கணக்குப் போட்டு ஆரம்பித்து, 1973-ல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சத்தில் வந்து நின்றது. வரைந்த யோர்ன் உட்சன் 1966-லேயே மனம் வெறுத்து விலகினார். முடிந்த கட்டடத்தை அவர் சாகும்வரை நேரில் பார்க்கவில்லை.

படத்தையும் கொஞ்சம் பாருங்கள், தமாஷுக்காகவாவது. கம்ப்யூட்டரில் செய்த அந்தப் படத்தில் நம் ஊர் ஆள் ஒருவரும் இருக்கமாட்டார். பலூன் பிடித்த குழந்தை, சூட்கேஸ் இழுக்கும் வெள்ளைக்காரர், எந்த நாட்டு மரமென்றே தெரியாத மரம். ஒரு ஸ்கூட்டிகூட நிற்காது. ஃப்ளெக்ஸ் பேனர் இருக்காது. காளான் தள்ளுவண்டி இல்லாமல் நம் ஊரில் எந்த வாசல் இருந்திருக்கிறது?

பிறகு ஆட்சி. கருத்துச் சொல்வதற்கு முன் அடிக்கல்லில் யார் பெயர் என்று பார்த்துக்கொள்வது நல்லது. கட்டடம் பிடிக்குமா பிடிக்காதா என்பது பாதி அங்கேயே முடிவாகிவிடும். சென்னை ஓமந்தூரார் தோட்டத்துப் புதிய தலைமைச் செயலகத்தை 2010 மார்ச் 13-ல் திறந்தபோது உச்சியின் குவிமாடம் முடிந்திருக்கவில்லை. சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணியை வைத்து செட் போட்டுத் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. 2014-ல் அது ஆஸ்பத்திரி. நல்ல ஆஸ்பத்திரிதான். ஆனால் ஒரு கட்டடத்தைப் பற்றி நீங்கள் சொன்ன கருத்து அது வேறொன்றாக மாறிய பிறகும் செல்லுமா என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் செம்மொழிப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2010-ல் அறிவிப்பு, 2023-ல் அடிக்கல், 2025 நவம்பரில் திறப்பு. பதினைந்து வருஷம் கெடாத கருத்தாக இருக்க வேண்டும்.

பழம்பெருமை பேசுவது கடைசி அஸ்திரம். "நாம பாக்காத ஹாலுங்ளா?" என்று ஆரம்பியுங்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னால் அது டிலைட் தியேட்டர் ஆயிற்று. ரோட்டுக்கு மட்டும் இன்னும் வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர். டவுன்ஹால் 1892-ல் வந்தது. அங்கே மாமன்றக் கூட்டம் நடக்கிறது. ஆக, ஊரில் நாடகத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது.

செய்யக்கூடாத காரியம் ஒன்றே ஒன்று. உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டுவிடாதீர்கள். பேக்கரியில் பேச்சு நின்றுவிடும்.

நான் ஒருமுறை கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். உறவுக்காரப் பெண்ணின் அரங்கேற்றம். வெளியே பளபளவென்று கண்ணாடி, உள்ளே எனக்குக் கிடைத்தது தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. இரண்டரை மணி நேரமும் அந்தக் குழந்தையின் இடது கையை மட்டும் பார்த்தேன். அபிநயம் பிரமாதம் என்று பிறகு சொன்னார்கள். மிருதங்கம் இரண்டு தடவை கேட்டது, ஒன்று வாசித்தபோது, இன்னொன்று பின்சுவரில் மோதித் திரும்பியபோது. சிறப்பு விருந்தினர் கிளம்பியதும் ஏசியை நிறுத்தினார்கள். சலங்கை கட்டிய ஏழெட்டுப் பிள்ளைகள் ஒற்றைக் கழிப்பறைக்கு வரிசையில் நின்றார்கள். அது எந்த ஹால் என்று சொல்லமாட்டேன். படித்தவுடன் உங்களுக்கே இரண்டு மூன்று ஹால்கள் ஞாபகம் வந்திருக்கும்.

உலகமே வாய்பிளந்த சிட்னியில்கூட ஓபரா நடக்கும் கூடத்தில் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம் குறுகல். கச்சேரிக் கூடத்தின் ஒலியைச் சரிசெய்து 2022-ல் மறுபடி திறந்தார்கள். சிங்கப்பூரில் மாறாக, வெளியே ஊர் முள்ளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, உள்ளே கச்சேரிக் கூடத்தின் ஒலியை ரசல் ஜான்சன் என்ற வல்லுநர் கவனித்துக்கொண்டார். சண்டை முழுக்க வெளியே நடந்தது, காது உள்ளே இருந்தது.

நம் ஊருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நம் ஆட்டம் மேடைக்கு ஏறுகிற ஆட்டமா என்று யாராவது வரைபவரிடம் சொன்னார்களா? வள்ளி ஒயில் கும்மிக்கு மேடை வேண்டாம். ஒரே நிறத்துச் சேலையில் நூறு இருநூறு பேர் வட்டம் கட்ட மண் தரை வேண்டும், சுற்றிலும் நின்று பார்க்க இடம் வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்த மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பத்திரப்பன் வாத்தியாருக்கு 2024-ல் 87 வயதில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தக் கலை வளர்ந்தது கோயில் வாசலில். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவர் விடிய விடியப் பாடுவார்; மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஹாலில் பொன்னரும் சங்கரும் பிறப்பதற்குள் வாட்ச்மேன் விளக்கை அணைத்துவிடுவார்.

இப்படியெல்லாம் பேசினால் "என்னங் நீங்க, நாயம் பேச வந்த எடத்துல!" என்று டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே கிரைண்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படம் வந்தால் எனக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள். முன்பக்கத்துப் படம் வேண்டாம். தூண் எங்கே, கழிப்பறை எத்தனை என்று போட்டிருக்கிற பக்கம் போதும்.