பொடிநடையும் போலீஸ் கண்ணும்: ஆங்கில நடைவினைகள் குறித்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் மனிதர் நடப்பதைச் சொல்லும் வினைச்சொற்களை எண்ண உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் எழுந்திருப்பதில்லை. வாக், ஸ்ட்ரோல், சான்ட்டர், ஆம்பிள், ட்ரட்ஜ், ஸ்ட்ரட், லாய்ட்டர், ப்ரவுல் என்று அவை போய்க்கொண்டே இருக்கும். நம் ஊர் ஆங்கில வழிகாட்டி நூல்கள் எல்லாவற்றுக்கும் ‘நடத்தல்’ என்று பொருள் போட்டு, பக்கத்தில் ‘மெதுவாக’, ‘மிடுக்காக’, ‘களைத்துப்போய்’ என ஆளுக்கொரு அடைமொழியை ஒட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடும். இந்த மரபுவழி விளக்கம் காலை மட்டுமே பார்க்கிறது என்பது இவ்வாய்வாளரின் குற்றச்சாட்டு. நடக்கிறவர் காலை அளந்து இச்சொற்களைப் பிரிக்க முடியாது; திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவர் கண்ணைத்தான் அளக்க வேண்டும். இதுவே கருதுகோள்.

காலை அளந்து பார்த்த முன்னாய்வாளர்களும் உண்டு. கப்பல்களுக்காக வில்லியம் ஃப்ரூட் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் பெயரில் வழங்கும் ஓர் எண்ணை, விலங்கியல் அறிஞர் மெக்நீல் அலெக்சாண்டர் கால்களுக்குப் பொருத்தினார். வேகத்தின் வர்க்கத்தைக் காலின் நீளத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுக்க வேண்டும். விடை 0.5 பக்கம் வரும்போது மனிதர் நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறுகிறார். 90 செ.மீ. கால் உள்ளவருக்கு இது மணிக்கு ஏழரை கி.மீ. சரி, நடை எங்கே முடிகிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் மணிக்கு மூன்று கி.மீ. வேகத்தில் போகிறவர் ஸ்ட்ரோல் (காற்று வாங்கும் உலா) செய்கிறாரா, ப்ரவுல் (பதுங்கி நோட்டமிடும் நடை) செய்கிறாரா என்று ஃப்ரூட் எண்ணிடம் கேட்டால் அது வாயைத் திறப்பதில்லை.

2020இல் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1970இல் மான்ட்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் ஜான் கிளீஸ் கோமாளி நடை நடந்து காட்டினாரே, அதை அளந்து, சாதாரண நடையைவிட 6.7 மடங்கு மாறுபாடு உடையது என்று ஆய்விதழிலேயே வெளியிட்டார்கள். இது விளையாட்டாகச் சொல்வதல்ல, அச்சேறிய முடிவு. இத்துறையில் போலி ஆய்வு செய்ய வருகிறவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை.

கண்ணின் அதிகாரம் முதலில் வெளிப்படுவது நடைப் போட்டியில். சர்வதேசத் தடகள விதி இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. முன்கால் தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. இரண்டு பாதங்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுவது மனிதக் கண்ணுக்குத் தெரியக் கூடாது. எழவே கூடாது என்று விதி சொல்லவில்லை என்பதைக் கவனிக்க. ஜப்பானின் யூசுகே சுசுகி 2015இல் 20 கி.மீ.யை 1 மணி 16 நிமிடம் 36 வினாடியில் ‘நடந்தார்’. மணிக்கு 15 கி.மீ.க்கு மேல், பேருந்தை விட்டுவிடுவோமோ என்று நம்மில் பலர் விழுந்தடித்து ஓடும் ஓட்டத்தைவிட வேகம். அதிவேகக் கேமராவில் பார்த்தால் முன்னணி வீரர்கள் பலர் அவ்வப்போது அந்தரத்தில் இருப்பது தெரியும். நடுவருக்கோ கேமரா கிடையாது, வெறுங்கண்தான். அது பார்க்காதவரை அந்தரத்தில் மிதப்பவரும் நடப்பவரே.

வாக் என்ற சொல்லின் பூர்வீகமும் காலுக்குச் சாதகமாக இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு உருளுதல், புரளுதல் என்று பொருள். நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தும் தொழிலாளிக்கு வாக்கர் என்று பெயர் வந்தது. நாள் முழுக்க மிதித்தும் ஓரடி நகராதவர் அவர். அதுவே குடும்பப் பெயராகி ஒட்டிக்கொண்ட விஸ்கி பாட்டிலில் 1908 முதல் ஒரு கனவான் வீசி நடந்துகொண்டிருக்கிறார். பாட்டில் காலியான பிறகு வரும் நடைக்கு ஆங்கிலத்தில் ஸ்டேகர் என்று தனிச்சொல் உண்டு. நமக்கு அது பழகிய காட்சி என்பதால் விரித்துரைக்கவில்லை.

குதிரையிடமிருந்து வந்த சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஆம்பிள் என்பது முதலில் சவாரிக்காரருக்கு முதுகு வலிக்காத குதிரைநடை. கேன்ட்டர் என்பது கேன்ட்டர்பரிக்குப் போன யாத்ரிகர்களின் அவசரமில்லாத சவாரி. ஆம்பிளின் லத்தீன் வேரிலிருந்துதான் ஆம்புலன்ஸும் பிறந்தது. படையோடு கூடவே நகரும் மருத்துவமனைக்கு பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயர் அது. நகர நெரிசலில் சிக்கிய ஆம்புலன்ஸைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு புரியும்.

சான்ட்டர்தான் இவ்வாய்வின் திருப்புமுனை. சும்மா சுற்றுவது என்பதே அதன் பொருள். பிறப்பிடம் தெரியாத சொல் என்று அகராதிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்க எழுத்தாளர் தோரோ, இறந்த பிறகு 1862இல் வெளியான நடை பற்றிய கட்டுரையில், ‘புண்ணிய பூமி’ என்பதற்கான பிரெஞ்சுத் தொடரிலிருந்து அது வந்ததாக அடித்துச் சொன்னார். அதாவது ஊர் சுற்றுகிறவர் உண்மையில் ஜெருசலேம் யாத்ரிகர். எந்நேரமும் காட்டில் திரிந்தவருக்கு வேறெந்த வேர்ச்சொல் பிடித்திருக்கும்? பார்க்கிறவர் கண்ணில் தன் மதிப்பை உயர்த்திக்கொள்ள நடப்பவர் எடுத்த முயற்சி என்றே இதைக் கொள்ள வேண்டும்.

அந்த முயற்சி நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் ஏறியது. ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில், சட்டபூர்வ நோக்கமின்றி இடத்துக்கு இடம் ஸ்ட்ரோல் செய்வதே குற்றம் என்று நகரச் சட்டம் இருந்தது. ஒரு காலை ஒன்பது மணிக்கு மேல் இரண்டு பேர் நண்பருக்காகத் தெருவில் காத்திருந்தார்கள். அவர் கார் தந்தால் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கப் போக வேண்டும். நல்ல குளிர். ஒருவருக்கு மேல்கோட்டு இல்லை. பக்கத்துச் சலவைக்கடைக்குள் ஒதுங்கினார்கள். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். இருவரும் நண்பரைத் தேடி இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் நடந்தார்கள். கடைக்காரர்கள் போலீஸுக்குச் சொல்ல, கைது. இன்னொரு நாள், நள்ளிரவுக்குப் பின், கேளிக்கை விடுதிக்குக் காரில் போய்க்கொண்டிருந்த இரண்டு ஜோடிகள் பிடிபட்டார்கள். பெண்கள் வெள்ளையர், ஆண்கள் கறுப்பர். பழைய கார் விற்கும் இடமொன்றின் அருகே நிறுத்தினார்களாம். குற்றச்சாட்டு: காரில் ப்ரவுல் செய்தது. இருக்கையை விட்டு எழாமலே நால்வரும் பதுங்கி நடந்துவிட்டார்கள்! கால் தேவைப்படாத நடைவினைக்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைக்காது. அந்த வினை யார் யாரைப் பார்த்துச் சொன்னது என்பதையும் அந்த இரண்டு நிறங்களே சொல்லிவிடுகின்றன. 1972இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. தீர்ப்பு எழுதிய நீதிபதி டக்ளஸ், வீண்நடைக்குச் சாட்சிகளாகக் கவிஞர் விட்மனையும் தோரோவையும் அழைத்தார். தோரோவின் சான்ட்டர் வேர்ச்சொல்லும் அடிக்குறிப்பில் இடம்பிடித்தது. தவறான சொற்பிறப்பு இவ்வளவு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அபூர்வம்.

சிகாகோ இதிலிருந்து பாடம் கற்கவில்லை. வெளித்தெரியும் நோக்கமின்றி ஓரிடத்தில் நிற்பதே லாய்ட்டர் என்று 1992இல் அந்நகரம் வரையறுத்தது. கும்பல்களை ஒடுக்கத்தான் சட்டம். மூன்றாண்டுகளில் கலைந்து போகச் சொல்லி 89,000க்கு மேற்பட்ட உத்தரவுகள், 42,000க்கு மேற்பட்ட கைதுகள். 1999இல் இதையும் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. வெளித்தெரியும் என்ற சொல் முக்கியம். நடைப் போட்டியில் கண்ணுக்குத் தெரிந்தால் குற்றம், சிகாகோவில் தெரியாவிட்டால் குற்றம். நாயோடு வருகிறவர் கம்பத்துக்குக் கம்பம் நின்றாலும் லாய்ட்டர் ஆவதில்லை. நாயின் நோக்கம் ஐயத்துக்கு இடமின்றி வெளித்தெரிகிறது.

தமிழ்நாட்டுக்கு இவற்றில் முழுதாகக் குடியேறிய சொல் வாக்கிங் ஒன்றே. மளிகைக்கடைக்கு நடப்பது வாக்கிங் ஆகாது. பஸ்ஸுக்குக் காசில்லாமல் நாலு ஸ்டாப் நடப்பதும் ஆகாது. எங்கும் போகாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், அதை டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். லுங்கியும் ரப்பர் செருப்புமாக ஒருவர் ஒரே தெருவை இரண்டு முறை சுற்றினால் மாடியிலிருந்து குரல் வருகிறது: “யாருப்பா வேணும்?” அதே தெருவை அதே வேகத்தில் கேன்வாஸ் ஷூ போட்டவர் பத்து முறை சுற்றினாலும், “என்ன சார், வாக்கிங்கா? சுகர் குறைஞ்சுதா?” என்கிறது அதே குரல். இதுவரை கருதுகோள் பிசகவில்லை.

மார்கழியில்தான் சிக்கல். இருட்டு விலகாத ஐந்து மணிக்கு மங்கி கேப்பை இழுத்துவிட்டு, கண் மட்டும் தெரிய, கையில் தடியோடு ஒவ்வொரு கேட்டாக எட்டிப் பார்த்தபடி ஒருவர் வருகிறார். இவ்வாய்வின் எல்லா அளவுகோல்படியும் அது கலப்படமற்ற ப்ரவுல். செக்யூரிட்டியோ எழுந்து நின்று குட்மார்னிங் சார் என்கிறார். இந்தத் தரவை எந்தக் கட்டத்தில் போடுவது என்று வழிகாட்டிப் பேராசிரியரைக் கேட்கப் போனால், அவர் வாக்கிங் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள்.