கடாக்கொம்பு சைக்கிள்

வா கண்ணு, திண்ணைல உக்காரு. அமுச்சி மோரு கலக்கறா. வந்ததுல இருந்து போனைக் காட்டோணும் காட்டோணும்னு தவிச்சுட்டு இருக்கறயே, காட்டு பாக்கலாம். நானும் பொண்ணு போட்டோவா இருக்குமுன்னு கண்ணாடியத் தொடச்சு மாட்டிட்டேன்.

அட, சைக்கிளா!

என்ன வெலை சொன்னே? மறுக்கா சொல்லு, இந்தக் காதுல. 1,40,000. செரி. 1972ல நான் இந்த ஆலாந்துறை ரோட்டுல வாடகை சைக்கிள் கடை போட்டப்ப பத்து சைக்கிளு, காத்தடிக்கற பம்பு ஒண்ணு, பேரெழுத ஒரு கோடு போட்ட நோட்டு. மணிக்குக் கால் ரூவா. அந்தக் கடையவே மொத்தமா வித்திருந்தாலும் உன்ற போனுல இருக்கறதோட முன்சக்கரம் வந்திருக்காது.

பாக்க நல்லாத்தான் இருக்குது. ஹேண்டில்பாரு கடாக்கொம்பாட்ட கீழ சுருண்டு கெடக்குது. ஸ்டாண்டு எங்க? இல்லையா. கேரியரு? மட்கார்டு? பெல்லாவது? செரி, பெடலைக் காணமே? “அது தனியா வாங்கிக்கோணும் அப்புச்சி.” பெடல் இல்லாத சைக்கிளை ஒருத்தன் விக்கறான், படிச்ச பையன் நீ வாங்கறே. மடி இல்லாத எருமைய ஓட்டியாந்துபோட்டு, மடிய அடுத்த சந்தைல புடிச்சுக்கலாமுன்னானாம் ஒருத்தன்.

மூஞ்சியத் தூக்காத. பந்தயக்காரன் அவனவன் பூட்ஸுக்குத் தக்கன பெடல் வெச்சிருப்பான், அதனாலதான் வெல ஒசந்த வண்டிய பெடல் இல்லாம விக்கறாங்கன்னு எனக்கும் தெரியும். எப்பிடித் தெரியுமுன்னு கேளு. ஞாயித்துக்கெழமை வெடியால கோயமுத்தூர்ல இருந்து ஒரு கூட்டம் சிறுவாணி ரோட்டுல வரும் பாரு, காவடி வர்றாப்பல ஒட்டுக்கா, பச்சையும் மஞ்சளுமா சட்ட போட்டுட்டு. பஞ்சரானா என்ற கடை. ஆகலீன்னா பக்கத்து டீக்கடை. பேசறது பூரா எனக்குக் கேக்கும். பத்துப் பதினஞ்சு வருசமா கேட்டுக் கேட்டு, ஓட்டாமயே பாதி பண்டிதனாயிட்டேன்.

இது எத்தன கிலோ? எட்டரை. என்ற பழைய ஹெர்குலிஸு இருபதுக்கு மேல. 1949ல அம்பத்தூர்ல ஆரம்பிச்ச கம்பெனி பண்ணுனது. அதுல கேரியர்ல ரெண்டு மூட்டை புண்ணாக்கும் பார்ல உங்கம்மாளும் வருவா. உன்ற எட்டரைக் கிலோல நீ மட்டுந்தான் போவே. இன்னொரு கிலோ கொறையோணுமுன்னா கார்பன்ல வாங்கோணும், அதுக்கு மேல ஒரு லச்சம் ஆவும்ங்கறயா? உலக சைக்கிள் சங்கத்துக்காரங்க பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் கீழ இருக்கப்படாதுன்னு 2000லயே சட்டம் போட்டாங்க. உன்ற வவுத்துக்கு ஒரு சட்டமும் போடலயே! ஆபீசுல சாயங்காலம் திங்கற போண்டாவ ரெண்டு மாசம் நிறுத்து. ஒரு கிலோ தன்னால எறங்கும், லச்சமும் மிச்சம்.

கியரு என்ன? ஷிமானோ 105ஆ. நூத்தியஞ்சுன்னா எங்களுக்குக் காச்சலு கண்ணு, ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவோம். அந்த ஜப்பான்காரன் சாதிப் படி மாதிரியே அடுக்கி வெச்சிருக்கறான். கீழ கிளாரிஸு, பின்னால 8 பல்சக்கரம். அதுக்கு மேல சோரா, 9. அப்பறம் டியாக்ரா, என்னமோ மருந்துக்கடைல மெதுவாக் கேக்கற பேராட்ட. அதுக்கு மேலதான் இந்தக் காச்சலு. அல்டெக்ரா, டூரா-ஏஸெல்லாம் மாமியா வீடு எடுத்துக் குடுத்தா வாங்கிக்கலாம். கிளாரிஸு போட்டவனும் சிறுவாணி போறான், டூரா-ஏஸு போட்டவனும் போறான். டீக்கடைல ரெண்டு பேருக்கும் ஒரே டம்ளருதான். மொத வண்டிக்கு கிளாரிஸோ சோராவோ போதும். செயின் தேஞ்சு மாத்தறப்பவும் கை சுடாது.

கியரோட பேரைக் கேக்காத, பல்லை எண்ணு. முன்னால ரெண்டு தட்டு இருக்குமில்ல, பெருசு 50, சிறுசு 34 இருக்குதான்னு பாரு. பின்னால பெரிய சக்கரம் 32ஓ 34ஓ இருக்கோணும். முன்னால சிறுசுலயும் பின்னால பெருசுலயும் செயின் கெடந்தாத்தான் மேட்டுல கால் லேசாச் சுத்தும். இந்த ரோடு சமமாத்தான் கெடக்குது. ஆனா உன்னிய எனக்குத் தெரியாதா? நாலு மாசம் போனா மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரிக்கு ஏறறேம்பே, அப்பறம் ஆழியாருக்கு மேல வால்பாறைம்பே. 40 கொண்டை ஊசி. மூணாவது ஊசிலயே எறங்கித் தள்ளீட்டுப் போனயின்னா பஸ்ல இருக்கற சனம் பூரா சன்னல்ல தலைய நீட்டும்.

இனிமேத்தான் முக்கியமான சமாச்சாரம். மோரைக் கீழ வெய்யி.

அளவு. உனக்கு எந்த அளவு சொன்னாங்க? 56ஆ? நீ அஞ்சடி ஆறு. ஏன் 56? “அது ஒண்ணுதான் ஸ்டாக்ல இருக்குது, சீட்ட எறக்கி வெச்சுக்கலாம்னு கடைக்காரரு சொன்னாரு.” சொல்லுவாரு, சொல்லுவாரு. நானே சொல்லியிருக்கறேன்.

வாடகைக் கடை நல்லா ஓடறப்ப புதுச் சைக்கிளும் வாங்கி வித்தேன். 24 இஞ்சு பிரேம் ஒண்ணு விக்காம மூலைல நின்னு துரு ஏறீட்டிருந்துது. ஒரு ஆளு வந்தாரு, அஞ்சடிக்கு ஒரு விரக்கடை கூட. 22 இஞ்சுதான் அவருக்குச் செரி. நான் என்ன பண்ணுனேன்? “ஒசரமான வண்டில வந்தாத்தானுங்க ஊருக்குள்ள ஒரு மருவாதி”ன்னேன். மனுசன் மயங்கிட்டாரு. மூணு வருசம் அதுல அவரு இப்பிடியும் அப்பிடியும் இடுப்ப ஆட்டீட்டு, பெடலை எட்டி எட்டி மிதிச்சாரு பாரு, கரகாட்டந் தோத்துது. நிறுத்தோணுமுன்னா மைல்கல்லத் தேடுவாரு. கடைசில தங்கச்சியக் கூட்டிட்டு கடைக்குச் சண்டைக்கு வந்துட்டாரு. அந்தத் தங்கச்சிதான் உள்ள மோரு கலக்கறது. அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை.

அதனால சொல்றேன். சீட்ட ஏத்தலாம், எறக்கலாம். ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்த வெட்ட முடியாது. ஹேண்டில் மாட்டற தண்டைச் சின்னதா மாத்தி ஒரு விரக்கடை கொறைக்கலாம், அவ்வளவுதான். பெரிய வண்டில நீ நீட்டிப் படுத்து புடிச்சயின்னா மொத வாரம் கழுத்து, ரெண்டாவது வாரம் உள்ளங்கை மதமதப்பு, மூணாவது வாரம் சைக்கிளு பால்கனி. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு உங்கம்மா வளர்றவன்னு ரெண்டு சைஸ் பெருசா டவுசர் எடுப்பா. உனக்கு 31 வயசு. இனி வளர்றது முன்னாலதான், மேல இல்ல.

52, 54ன்னு ரெண்டையும் ஏறிப் பாரு. ஒவ்வொரு கம்பெனிக்கும் அளவு மாறும். அட்டையப் பாத்து வாங்காத, ஒடம்ப வெச்சுப் பாத்து வாங்கு. பாருக்கு ரெண்டு பக்கமும் காலை ஊணி நில்லு. நடுவுல எடைவெளி இருக்கோணும். எதுக்குன்னு ஒரு ஆம்பளைக்கு வெவரஞ் சொல்ல வேண்டியதில்ல. அப்பறம் சீட்டுல உக்காந்து பெடல் அடில இருக்கறப்ப குதிங்காலை வெய்யி. முட்டி நேரா நிக்கோணும். முன்பாதத்துல மிதிச்சா தன்னால முட்டி கொஞ்சம் மடங்கும். அதுதான் சீட்டு ஒசரம். இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுச்சுன்னா சீட்டு மேல போயிருச்சு, உன்ற மாமன் தாத்தன நெனச்சுக்க. பிரேக்கு மேல இருக்கற குமிழ்ல கை வெச்சா முழங்கை லேசா மடங்கியே இருக்கோணும். வெறச்சு நீண்டுச்சுன்னா எறங்கி வந்துரு. காசு எத்தன கொறச்சாலும் வாங்காத.

கடைக்குள்ள ஏசில வழுவழுன்னு டைல்ஸ் மேல ஒரு ரவுண்டு சுத்தச் சொல்லுவாங்க. வேண்டாம். செருப்பு எடுக்கவே நாலடி நடந்து பாக்கறவன் நீ. வெளிய ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டோணுமுன்னு கேளு. ஆதாரு வேணும்னா குடுத்துட்டுப் போ. மொகஞ் சுளிச்சாங்கன்னா வேற கடை. இன்னொண்ணு, இதுல ரெண்டு சாதி இருக்குது. பந்தயத்துக்குன்னு ஒண்ணு, மூஞ்சிய முன்சக்கரத்துல வெச்சு ஓட்டோணும். தூரம் போறதுக்குன்னு ஒண்ணு, ஹேண்டில் கொஞ்சம் ஒசந்து கிட்ட வந்து நிக்கும். அதுக்கு எண்டூரன்ஸுன்னு பேராம். பத்து மணி நேரம் நாக்காலில உக்காந்து எந்திரிக்கற முதுகுக்கு ரெண்டாவதுதான்.

டயரு? 23 மில்லிமீட்டரா! அது டயரா, அருணாக்கயிறா? அதுக்கு 100 பிஎஸ்ஐக்கு மேல காத்தடிச்சு கல்லாட்ட வெச்சுட்டு நம்ம பஞ்சாயத்து வேகத்தடைல ஏறுனயின்னா பல்லு பூரா உதிர்ந்து சட்டைப் பையில விழும். அந்தப் பந்தயக்காரங்களே இப்ப 28க்கு வந்துட்டாங்க. உனக்கு மட்டும் என்ன அவசரம்? 28 போடு, காத்தையும் கொறச்சுக்கலாம். பின்னால 32 போடறதுக்கும் பிரேம்ல எடம் இருந்தா இன்னும் நல்லது. டிஸ்க் பிரேக்கா ரிம் பிரேக்கான்னு நடுச்சாமம் வரைக்கும் சண்ட போடுவாங்க. ரெண்டும் நிக்கும். மழைல டிஸ்க்கு நல்லா நிக்கும். ரிம் பிரேக்குக்குக் கட்டை தேஞ்சா நானே மாத்திக் குடுப்பேன்.

புதுசே வேணுமுன்னு எவன் சொன்னான்? கொரோனாவுல ஊரே சைக்கிள் வாங்குச்சு. பாதி இப்ப துணி காயப்போடறதுக்கு ஆவுது. போனுலயே விக்கறாங்களாமே, போய்ப் பாரு. சைக்கிளப் பாக்கறதுக்கு முன்னால விக்கற ஆளோட வவுத்தப் பாரு. தொப்ப இருந்தா தைரியமா வாங்கு, வண்டி ஓடியே இருக்காது. ஆளு ஒல்லியா, கன்னம் ஒட்டி, கெண்டைக்கால் கயிறாட்டத் திரிஞ்சு இருந்தா உசாரு. செயினு, பல்லு, பால்ரஸு எல்லாத்தையும் தேச்சு முடிச்சுட்டுத்தான் உனக்குத் தள்றான். சக்கரத்தத் தூக்கிச் சுத்திவிட்டு, கோட்டம் இருக்குதான்னு பாரு. பிரேம்ல பெயிண்டு வெடிச்சிருந்தா அடிபட்டிருக்குமோன்னு கேளு. கார்பன்ல கீறல்னா தொடாதே, அத நான் தட்டி நிமுத்த முடியாது.

வண்டிக்கே எல்லாக் காசையும் கொட்டீறாத. பத்துல ரெண்டு பங்கு கைல வெச்சுக்க. ஹெல்மெட்டு, முன்ன பின்ன லைட்டு, ரெண்டு டியூப்பு, டயர் கழட்டற நெம்பி, சின்னப் பம்பு. பூட்ஸக் கவ்விப் புடிக்கற பெடலு இப்ப வேண்டாம். நம்ம கடை முன்னால நின்ன எடத்துலயே மரஞ்சாயறாப்பல சாஞ்சவங்க எத்தன பேருன்னு எனக்குக் கணக்கு இருக்குது. காலக் கழட்ட மறந்து போயிருது அவங்களுக்கு. மூணு மாசம் சாதாப் பெடல்ல செருப்புப் போட்டு ஓட்டு.

அப்பறம் அந்த மெத்தை வெச்ச டவுசரு. அதக் கட்டாயம் வாங்கு. உள்ள ஜட்டி போடப்படாது கண்ணு. போட்டா தையலு ஒரசி, திங்கக்கெழமை ஆபீசுல நின்னுட்டே வேலை பாப்பே. இத ஒரு டாக்டருத் தம்பி டீ குடிக்கறப்ப ரகசியமாச் சொன்னாப்டி. உங்கமுச்சிகிட்ட கேக்காத, குச்சிய எடுத்துட்டு வருவா.

சிரிக்கறயா? சிரி. ஒண்ணு கேக்கறேன், இந்த வண்டி டியூப்புல காத்தடிக்கற மூக்கு எப்பிடி இருக்குதுன்னு பாத்தயா? நம்ம சைக்கிளுக்கு வால்டியூப்பு. எச்சி தொட்டு ஆணில ஏத்தி, முடுக்கிவிட்டா ஆச்சு, எந்தப் பம்பும் புடிக்கும். இதுக்கு அப்பிடி இல்ல. பென்சில் முனையாட்ட ஒல்லியா, தலைல ஒரு பொடி நட்டு. அதத் திருகித் தளத்தி, புஸ்ஸுன்னு ஒருக்கா அமுக்கிவிட்டுத்தான் அடிக்கோணும். ப்ரெஸ்டான்னு பேரு. மொத மொதல்ல ஒரு தம்பி அப்பிடி ஒண்ணத் தள்ளீட்டு வந்தப்ப என்ற பம்பு அதுல நிக்கவே இல்ல. அத்தன வருசம் காத்தடிச்ச கை, சும்மா நின்னுட்டு இருந்துது. அந்தத் தம்பி வெயில்ல தள்ளீட்டே போனான். எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

அந்தக் கண்ணாடிக் கூட்ட எடு. தெற. அடில காயிதத்துல சுருட்டி வெச்சிருக்கறேன் பாரு, பித்தளைல, கம்மலு திருகாணி கணக்கா. அதை உன்ற வண்டி மூக்குல திருகுனா என்ற பம்பு புடிச்சுக்கும். உக்கடத்துல அலைஞ்சு வாங்குனேன். எந்த வண்டி வேணாலும் வாங்கு, ஞாயித்துக்கெழமை இந்தப் பக்கம் ஓட்டீட்டு வா.

காத்துக்கு ரெண்டு ரூவா. பேரன்னெல்லாம் பாக்க மாட்டேன். சில்லறையாக் கொண்டா.