நிர்வாகம் பொறுப்பல்ல

ஒலக்கூர் கூட்டுரோட்டில் டீக்கடை போடப்போகும் முதலாளிகளே, முதலில் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்குங்கள். பாய்லரெல்லாம் அப்புறம்.

ஆத்தூர் சுங்கச்சாவடியில் காசு கட்டிய கடுப்போடு தெற்கே வருகிற கார்க்காரர் உங்கள் கடையில் இறங்குவார். கையில் சூடான கிளாஸ், சட்டைப்பையில் செல்போன். இரண்டுமே உங்களுக்கு ஆபத்து. அவர் வாயைத் திறக்கும் முன் கண்ணில் படுகிற மாதிரி எழுதி மாட்டுங்கள்: ‘வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ நிர்வாகம் என்பது நீங்களும் மாஸ்டரும்தான். இருந்தாலும் அந்தச் சொல்லுக்கு ஒரு கம்பீரம் உண்டு.

பலகை பலிக்குமா? டில்லியில் தாஜ் மகால் ஓட்டல் இதைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டது. 1998இல் ஓட்டல் ஆளிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு உள்ளே போன ஒருவரின் மாருதி ஜென் காரைத் திருடன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். டோக்கனிலேயே நிர்வாகம் பொறுப்பல்ல என்று அச்சிட்டிருந்தார்கள். 21 வருஷம் இழுத்து, 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் முடித்துவைத்தது: வண்டியை வாங்கி வைத்துக்கொண்டவர், தான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதைக் காட்ட வேண்டும், தன் கவனக்குறைவை டோக்கன் எழுத்தால் மறைக்க முடியாது. 2.80 லட்சம் ரூபாய், வட்டி தனி. நல்லவேளை, நீங்கள் யாரிடமும் சாவி வாங்குவதில்லை. கிளாஸ் கழுவும் பையன் ஆசைப்பட்டுக் கேட்டாலும் வாங்க விடாதீர்கள்.

சரி, பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டால்? அதையும் முயன்றிருக்கிறார்கள். சென்னையில் லில்லி ஒயிட் வழக்கு என்று சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். புடவை தொலைந்தால் சந்தை விலையில் பாதிதான் தருவோம் என்று சலவைக்கடை ரசீதில் நிபந்தனை. 1960களில் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. பாதி விலை கொடுத்தால் போதும் என்றால், புடவையைத் துவைப்பதைவிடத் தொலைப்பதில்தானே லாபம்!

‘புகார் கொடுத்தவன் விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்துக்கு நாலு தடவை அலைந்தால் தானாக அடங்கிவிடுவான்’ என்று தெம்பாக இருப்பவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்கள் கார்க்காரர் திருச்சிக்காரர் என்றால் வீட்டுக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுவார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிப் போய் நிற்க வேண்டியவர் நீங்கள். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குப் புகார்க் கட்டணமே கிடையாது. உங்கள் டீ அதற்குள் வசதியாக அடங்கும். வக்கீல் கட்டாயமில்லை. யோசித்துப் பார்க்க இரண்டு வருஷம் அவகாசம் வேறு.

உங்களுக்கு அத்தனை அவகாசம் இல்லை. நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 30 நாள். ஆணையம் மனம் இரங்கினால் இன்னும் 15. அதற்குமேல் ஒரு நாள்கூடத் தரமுடியாது என்று 2020 மார்ச்சில் உச்சநீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீசைக் கல்லாவுக்கு அடியில் சொருக வேண்டாம். அதில் போண்டா மடித்துக் கொடுக்கவும் வேண்டாம். அச்சடித்த தாளில் தின்பண்டம் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. கெட்டுப்போன சட்னியால் ஓர் உயிர் போனால் இழப்பீடு 5 லட்சத்துக்குக் குறையாது என்பது 2006ஆம் வருஷச் சட்டம். மாஸ்டர் கையில் எண்ணெய் கொட்டினால் அதற்கு, தொழிலாளிக்கு இழப்பீடு கொடு என்கிற சட்டம் காத்திருக்கிறது. கடைக்காரர்களுக்கென்று இன்சூரன்ஸ் பாலிசி உண்டு. எடுக்கும்போது வாடிக்கையாளருக்குப் படும் அடியும் அதில் சேருமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்த ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன்.

‘டீ சுடும்’ என்று எழுத வேண்டுமா? பெயின்டை மிச்சம் பண்ணுங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தைச் சொல்லவில்லை என்று தயாரித்தவரைப் பிடிக்க முடியாது என்று அதே நுகர்வோர் சட்டம் சலுகை தருகிறது. உடனே யாராவது, ‘அமெரிக்காவில் காபி கொட்டியதற்குக் கோடிக்கணக்கில் கொடுத்தார்களே’ என்பார். அந்த வழக்கைப் போட்டவர், 1992இல் மெக்டொனால்ட்ஸ் காபி மடியில் கொட்டிய 79 வயதுப் பாட்டி. தோல் வெந்து, ஒட்டுத்தோல் வைக்க வேண்டிவந்தது. முதலில் அவர் கேட்டது வெறும் 20,000 டாலர். கம்பெனி 800 தருவதாகச் சொன்னது. இப்படிச் சுட்டுக்கொண்டதாக 700க்கும் மேற்பட்ட புகார்கள் அதற்கு முன்பே கம்பெனியிடம் இருந்தது விசாரணையில் வெளிவந்தது. ‘தெரிந்துகொண்டேவா சும்மா இருந்தீர்கள்’ என்பதுதான் ஜூரிகளின் கோபம்.

இப்போது உங்கள் கடை வாசல் பெஞ்சுக்கு வருவோம். ஒரு கால் குட்டை, அதற்கு முட்டாக அரைச் செங்கல். ஆசாரி 300 ரூபாய் கேட்டார். நீங்கள் பெயின்டருக்கு 400 கொடுத்து இன்னொரு பலகை எழுதி வாங்கினீர்கள். நேற்று அந்தத் திருச்சிக்காரர் கிளாசோடு சரிந்தார், எழுந்தார், சட்டையைத் துடைத்துக்கொண்டார், செல்போனை எடுத்துப் படம் பிடித்தார். ‘அண்ணே, பலகையையும் சேர்த்து எடுத்துக்கங்க’ என்று நீங்களே ஒதுங்கி நின்று கொடுத்தீர்கள். படம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. கீழே செங்கல். மேலே உங்கள் செலவில், சிவப்புப் பெயின்டில்: ‘பெஞ்சு ஆடும். நிர்வாகம் பொறுப்பல்ல.’