சுவர் தெரியும், கம்பி தெரியாது

கேள்வி: தடை தவிர்க்கும் வசதியுள்ள ட்ரோனை நம்பி, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தீபாவளி ஒளியூட்டைப் படம்பிடிக்கலாமா?

பதில்: சுவரின் பக்கத்தில் நம்பலாம், கம்பியின் பக்கத்தில் கூடாது. 2016இல் வந்த டிஜேஐ ஃபேன்டம் 4 முதல், பல ட்ரோன்கள் இரட்டைக் கேமராக்களால் எதிரே இருப்பதைப் பார்க்கின்றன. இரு படங்களுக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாட்டிலிருந்துதான் தூரம் கணக்காகிறது. அதற்கு வெளிச்சமும், கோடோ புள்ளியோ உள்ள பரப்பும் வேண்டும். வீவக அடுக்குமாடி புளோக்கும் பருத்த அடிமரமும் பகலில் நன்றாகச் சிக்கும். தொடக்கநிலையாளருக்கு இது பெரிய உதவி.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை வேறு கதை. அலங்கார வளைவுகளையொட்டிய மெல்லிய கம்பிகள் கேமராவுக்குப் புலப்படுவது அரிது. ஒளியூட்டோ, வெளிச்சம் குறைந்த இரவில்தான் அழகு! நகர மையத்திலோ, ராஃபிள்ஸ் பிளேஸ் கோபுரங்களின் கண்ணாடி வானத்தையே திருப்பிக் காட்டி ஏமாற்றும். 2024இல் வந்த டிஜேஐ ஏர் 3எஸ், முன்புற லேசர் உணரியான லைடாரால் இருட்டில் ஓரளவு தேறுகிறது. ஆனால் பல ட்ரோன்களில் வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் முறைக்கு மாறியதும் இந்தக் காவல் முழுவதும் அணைந்துவிடும். முன்பக்க உணரி மட்டும் உள்ளவை பக்கவாட்டில் பறக்கையில் எதையும் காணா.

சட்டத்தை எந்த உணரியும் காணாது. 2019 ஜூனில் ட்ரோன்களால் சாங்கி விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும். 60 மீட்டருக்கு மேலோ, விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளோ பறக்க அனுமதியும் வேண்டும். திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கவிடாதீர்கள்.